சதுக்கத்தில் மிச்சம் வைத்த கதை

விளக்கை அணைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவோரம் இருப்பவள் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வரட்டும். இது நம்மோடு பட்டன் தைக்கிற அக்காவின் சித்தப்பாவுக்கு நடந்தது.

நேரம்... நடுப்பகல். சிரிக்காதீர்கள். பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்று யார் சொன்னது? ஆளில்லாத இடம் போதும்.

துறைமுகத்திலிருந்து சதுக்கத்துக்குப் போகிற கல் பாவிய தெருவில் அந்த வேளைக்குக் காக்கைகூட இறங்காது. சதுக்கத்தின் மூன்று பக்கமும் வெள்ளைக்காரர்கள் கட்டிய மஞ்சள் கட்டடங்கள், வளைவு வளைவாக. நாலாவது பக்கம் கடல். நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கல்மேடை. அந்தக் காலத்தில் தூக்குமரம் நின்றது அதன்மேல்தான்.

சித்தப்பா அங்கே வழிகாட்டி. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் கதை சொல்வார். வாய் ஓயாது, அதனால் 'ரேடியோ' என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அவருடைய பேர்போன கதை, கவர்னர் வீட்டுச் சலவைக்காரியின் கதை. துரைசானியின் சங்கிலியைத் திருடினாள் என்று அவளை அந்த மேடையில் தூக்கில் போட்டார்கள். கூட்டத்தில் ஒருவரை மேடையேற்றி, தன் சிவப்புக் கைக்குட்டையால் கைகளைப் பின்னால் கட்டி, "திருடினாளா?" என்று கேட்பார். கூட்டம் "திருடினா" என்று கத்தும். பிறகு ஒரே சிரிப்பு.

கதைக்கு ஒரு வால் உண்டு. அவளைப் புதைத்த பிறகு, அதே சங்கிலி துரைசானியின் மெத்தைக்குள் கிடைத்தது. சித்தப்பாவுக்கு அது தெரியும். சொல்ல மாட்டார். சொன்னால் கூட்டத்தின் முகம் தொங்கிப்போகும்.

அன்று மேடையருகே ஒருத்தி தனியாக நின்றாள். கொதிக்கிற கல்லில் வெறுங்கால். கிட்டப் போனதும் சவுக்கார வாசனை... ஈரத்துணி வாசனை.

"அந்தச் சலவைக்காரி கதையை எனக்குச் சொல்லுங்கண்ணே."

"ஒரே ஆளுக்கா? இந்த வெயில்லயா? சரிம்மா, என் வாய்க்கு எப்பவும் லீவு கிடையாது."

சொன்னார். ஆள் தேவைப்படுகிற இடம் வந்ததும், கேட்காமலே அவள் மேடையேறிக் கைகளைப் பின்னால் வைத்துக்கொண்டாள். கட்டும்போது தொட்டார். ஜில்லென்றிருந்தது. தண்ணீரில் வெகுநேரம் ஊறிய விரல்கள், வெளுத்துச் சுருங்கி.

பழக்கதோஷம், கேட்டுவிட்டார். "திருடினாளா?"

"திருடினா."

வெறிச்சோடிக் கிடந்த வளைவுகளுக்குள்ளிருந்து வந்தது பதில். எத்தனையோ குரல்கள், சிரிப்போடு... இத்தனை வருடமும் அங்கே நின்று கத்தியவர்கள் அத்தனை பேரும்.

அவள் திரும்பவில்லை. "மிச்சத்தையும் சொல்லுங்கண்ணே."

சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். ஆனால் மனுஷனுக்கு வீம்பு மட்டும் விடாது.

"அவ்வளவுதாம்மா கதை."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அப்ப இனிமே நீங்க பேசறதுக்கு என்ன இருக்கு?"

சாயங்காலம் ஐஸ் வண்டிக்காரர் பார்த்தபோது மேடைமேல் சித்தப்பா நின்றுகொண்டிருந்தார். கைகள் பின்னால்... அதே சிவப்புக் கைக்குட்டையில். முடிச்சு அவிழவில்லை. கத்தரியால் வெட்டி, துண்டுகளைக் கடலில் வீசினார்கள். ரேடியோ அன்றோடு நின்றது. தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்றுதான் எல்லா டாக்டர்களும் சொன்னார்கள்.

இப்போது அந்த வேலையை மகன் பார்க்கிறான். அப்பன் வாய் அப்படியே. அவன் கிளம்பும்போதெல்லாம் சித்தப்பா வாசலை மறித்து சிலேட்டில் எழுதிக் காட்டுவார்: மெத்தைக்குள் கிடைத்ததைச் சொல்லு.

"அது எடுபடாதுப்பா, கூட்டம் கலைஞ்சிரும்" என்று செருப்பை மாட்டுவான். சித்தப்பா அவன் காலில் விழாத குறை.

போன வாரம் சித்தி துவைப்பதற்காக மகனுடைய சட்டையை எடுத்தாள். பையில் ஏதோ ஈரம். சிவப்புக் கைக்குட்டை... ஒரு வெட்டுகூட இல்லாமல், முழுசாக. முகர்ந்து பார்த்தாள். சவுக்காரம்.

முடிச்சு ஏற்கெனவே போட்டிருந்தது. நடுவில் இரண்டு கை நுழையும் அளவுக்கு மட்டும் இடம். சித்தி தன் கைகளை விட்டுப் பார்த்தாள், தொளதொளவென்றிருந்தது. தூங்கிக்கொண்டிருந்த சித்தப்பாவின் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தாள், பற்றவில்லை.

அளவு, மகனுடைய கைக்கு.