செயப்பாட்டு வினை

பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்த இடத்தில் இலக்கணம் பேசுகிறான் என்று நினைக்காதீர்கள், சுவாமி. ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்கள் தொந்தரவு தருவதில்லை. வினைச்சொற்கள்தான் காலை வாரும். புளியந்தீவில் நீதவான்களுக்குப் பல வருடம் மொழிபெயர்த்தவன் சொல்கிறேன்.

கடைசியாக வந்த நீதவான் கொழும்புக்காரர். தமிழ் தெரியாது. முதல் வாரமே எல்லோர் முன்னாலும் என் வினைச்சொல் ஒன்றைப் பிடித்துவிட்டார். இன்னொரு பிழை வந்தால் கச்சேரி அலுவலகத்துக்கு, கோப்பு தூக்கும் வேலைக்கு அனுப்பிவிடுவேன் என்றார். ஊரில் என்னை 'இங்கிலீஸ் பேர்னாட்' என்பார்கள். அந்தப் பெயரைத் தவிர எனக்கு வேறொன்றும் இல்லை.

அப்போதுதான் பெரியகல்லாற்று நல்லரத்தினத்தைக் கொண்டுவந்தார்கள். வாவியில் தோணி கவிழ்ந்து அவனுடைய மச்சான் இறந்திருந்தான். அதற்கு முதல் நாள் இருவருக்கும் சண்டை; அதனால் இவன்மேல் சந்தேகம். வாக்குமூலம் எடுத்த அறையில் நீதவான், அவன், நான் என்று மூன்று பேர்தான்.

"தோணி கவுண்டு அவன் தாண்டிற்றான் ஐயா. கையெட்டிப் புடிக்கப் பாத்தன், ஏலாமப் போயிற்று" என்றான்.

தாண்டான் என்றால் தானாக மூழ்கினான். நான் வாய் தவறி 'வாஸ் ட்ரவுண்ட்', அதாவது மூழ்கடிக்கப்பட்டான், என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். நீதவான் பேனாவை நிறுத்திச் சிரித்தார். "யாரால், மிஸ்டர் பேர்னாட்?"

இலக்கணப்படி நியாயமான கேள்வி. அந்த வினைக்குச் செய்தவன் ஒருவன் வேண்டும். பிழை என்னுடையது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பயந்துபோனேன். "என்னால், ஐயா" என்றேன். மொழிபெயர்ப்பவன் 'நான்' என்றால் அது குற்றம் சாட்டப்பட்டவனையே குறிக்கும். வாக்கியம் சரியாகிவிட்டது. அவர் எழுதிக்கொண்டார்.

எழுதியதை வாசித்துக் காட்டுவதும் என் கடமை. அவன் சொன்னபடியே தமிழில் வாசித்தேன்.

"நான் சொன்னத்த வடிவாச் சொன்னீங்களா ஐயா?"

"ஓம் தம்பி."

என்னைக் கும்பிட்டுவிட்டுக் கைநாட்டு வைத்தான்.

பிறகு எந்தப் பக்கம் திரும்புவது? பெரிய நீதிமன்றத்தில் அவன், தான் அப்படிச் சொல்லவில்லை என்று மறுத்தான். மொழிபெயர்ப்பு சரிதானா என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். இல்லை என்றால் வேலையோடு போகாது, மறியலில் கம்பி எண்ண வேண்டும். சரி என்றேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நேற்று எங்கள் நீதிமன்ற எழுதுவினைஞர் சிறில் வந்து, அவனைத் தூக்கிலிட்டாயிற்று என்று ஆங்கிலத்தில் சொன்னார். 'ஹங்' என்றார். அது சுவரில் மாட்டும் படத்துக்கு, மனிதனுக்கு 'ஹாங்ட்' என்று திருத்தினேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. பிழையை ஒத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று நான்தான் அவரைத் தேற்றினேன், சுவாமி.