ஒரு வரியும் அழிக்கவில்லை

இல்லை சார், லிங்கராஜ் எழுதியதில் பிழை கிடையாது. உங்கள் ஸ்டேஷன் சாயா நன்றாக இருக்கிறது. எங்கள் ஆபீஸில் வெந்நீர்தான்.

அந்த ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் வரிசையை நாங்கள் இருவரும் ரூபி என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதினோம். ‘நோயாளி’ என்ற கிளாஸ், அதாவது நோயாளிகளைப் பற்றிய நிரல் பகுதி, அவனுடையது. அதில் ‘அவசரம்’ என்றொரு மெத்தட், ரத்தப் பரிசோதனையைப் பார்த்து எண் தரும். பெரிய எண்ணுக்கு முதல் மெஷின். எண்கள் சமமானால் ஆங்கில அகரவரிசை. மிஞ்சுபவர்களை மறுநாள் வரச் சொல்வார்கள்.

ரூபியில் ஓர் அழகு உண்டு. அடுத்தவர் எழுதி முடித்த கிளாஸை நம் கோப்பிலேயே மறுபடி திறந்து, வேண்டிய மெத்தடைச் சேர்க்கலாம். யாரோ எழுதிய நாவலுக்கு வீட்டில் உட்கார்ந்து ஓர் அத்தியாயம் எழுதுவதுபோல. அதே பெயரில் சேர்த்தால் பழையது பேசாமல் ஒதுங்கிக்கொள்ளும்.

“நீ கதப் புக்கு படிச்சுப் படிச்சு கோடிங்கையும் கதையாட்டு எழுதுத, கேட்டியா” என்பான் லிங்கராஜ்.

என் அம்மா மங்கலத்துக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். விடிகாலை மெஷின் கிடைத்தால் அவளைக் கிழக்கேகோட்டை வீட்டில் விட்டுவிட்டு, கூட்டமில்லாத பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரலாம். ஆபீஸ் இருக்கும் கழக்கூட்டம் வரை நாவலில் நாற்பது பக்கம் ஓடும். எனவே ஓர் ‘அவசரம்’ சேர்த்தேன். அம்மாவுக்கு நூறு. மற்றவர்களுக்குப் பழைய மெத்தடை அழைக்க மறந்துவிட்டேன், எல்லோருக்கும் பூஜ்யம்.

அம்மாவுக்கு அடுத்து, A-வில் தொடங்கும் அபிஜித். கடைசியில் V-யில் வேல்சாமி, விழிஞ்ஞத்தில் கொத்து வேலை பார்த்தவர். நர்ஸ்கள் திரையை நம்பினார்கள்.

திங்களன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வரி சேர்த்தால் சரியாகியிருக்கும். ஆனால் கோப்பைத் திருத்தினால் லிங்கராஜ் பார்ப்பான், அந்த நூறு என்ன என்று கேட்பான்.

“என்னை மட்டும் எப்படிடா ஒவ்வொரு தடவையும் மொதல்ல கூப்பிடறா?” என்றாள் அம்மா. உன் ராசி என்றேன்.

வெள்ளிக்கிழமை பட்டியலில் ஒரு பெயர் குறைந்திருந்தது.

நான் யாரையும் பின்னால் தள்ளவில்லை சார். யார் எழுதிய வரியையும் அழிக்கவில்லை. சேர்த்தேன், அவ்வளவுதான்.

அதற்கு இரண்டு நாள் முன், புதன்கிழமை, வேல்சாமியின் மனைவி மாடம்மாள் காத்திருப்பு அறையில் என்னிடம் வந்தார். கம்ப்யூட்டர்காரன் நான்தான் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள். நாவலில் நல்ல கட்டம், படித்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

“மக்களே, அவருக்கு மூச்சு கிட்டல. அந்தப் பேர ஒண்ணு மேல ஏத்தித் தருவியா?”