வெள்ளிக்கிழமை பத்தே கால்

மனிதனை மனிதன் விற்கும் கொடுமையை இந்தப் பூமியிலிருந்தே துடைத்தெறிவது என்று பதினொரு நாடுகள் ஒருமனதாக உறுதி பூண்டிருக்கின்றன. அந்த உறுதிமொழியை எழுதியவன் நான்தான். ஒருமனதாவதற்கு மூன்று நாள் ஆயிற்று. அதில் இரண்டு நாள், யார் கொடி யார் கொடிக்குப் பக்கத்தில் என்பதிலேயே போனது.

நீங்கள் கேட்பது அந்தத் தொலைபேசி அழைப்பைப் பற்றி. சொல்கிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம். அழைத்த பெண்ணின் மொழி எனக்குத் தெரியும் என்பதால் உதவி எண்ணிலிருந்து என்னிடம் திருப்பிவிட்டார்கள். ஒரு தையல் கூடத்தில் ஏழு பெண்களைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்றாள். தெரு, எத்தனையாவது மாடி, பூட்டு எந்தப் பக்கம், எல்லாம் தெளிவாகச் சொன்னாள். இவ்வளவு ஒழுங்காகத் தகவல் தருபவர்கள் அபூர்வம்.

"சீக்கிரம் வாங்கண்ணா. என் தங்கச்சியும் இங்கதான் இருக்கா. பதினாறு வயசுதான்."

"பயப்படாதம்மா, நான் இருக்கேன்ல" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

ஒரு மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் ஆட்களோடு தயாராக நின்றார். எங்கள் கூட்டு ஏற்பாட்டில் என் கையெழுத்து இல்லாமல் யாரும் எந்தப் பூட்டையும் தொடக்கூடாது. வெள்ளிக்கிழமை எங்கள் பதினொரு நாட்டு மாநாடு. அமைச்சர் மேடையில் பொத்தானை அழுத்த, பூட்டு உடைவது திரையில் நேரலையாகத் தெரிய வேண்டும் என்பது என் யோசனை.

"வெள்ளி காலைல பத்தே காலுக்குப் போங்க."

"முகூர்த்தம் பாக்கவா சார் நம்மள வேலைக்கு வெச்சிருக்காங்க?"

"ஒரு தடவை உலகம் பாத்துட்டா நிதி கொட்டும்யா. ஆயிரம் பேரக் காப்பாத்தலாம்."

"ஆயிரம் பேரா சார் ஃபோன் பண்ணாங்க?"

அவரைப் பற்றிய குறிப்பில் 'ஒத்துழைப்புக் குறைவு' என்று எழுதினேன். வேறு கடுமை எதுவும் காட்டவில்லை.

வெள்ளிக்கிழமை பத்தே காலுக்குப் பூட்டு உடைந்தது. உள்ளே ஏழு தையல் இயந்திரங்கள் இருந்தன. ஆள் இல்லை. ஒன்றில் பாதி தைத்த சட்டைக்கை ஊசியோடு நின்றது. மாநாட்டு அரங்கில் பழக்க தோஷத்தில் மூன்றாவது வரிசை கைதட்டியது.

அந்த ஏழு பேரும் இதுவரை கிடைக்கவில்லை. அறிக்கையில் 'கூடம் ஒன்று மூடப்பட்டது' என்று எழுதினேன். அதில் பொய் இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் எல்லோரையும் வேறு ஊருக்கு ஏற்றிவிடப் போகிறார்கள் என்று அவள் சொல்லியிருந்தாள். இரண்டு தடவை சொன்னாள். கோப்பில் அந்த இடத்தில் 'விரைவில்' என்று எழுதியது நான்தான். இப்படிப்பட்ட ஆட்கள் சொன்ன நாளில் எதையும் செய்ய மாட்டார்கள் என்று நினைத்தேன். நாங்கள் அப்படிச் செய்ததில்லை.

அமைச்சர் அன்றைக்கு வரவில்லை, பல்வலியாம். பொத்தானை நான்தான் அழுத்தினேன். அது எந்த ஒயரோடும் இணைக்கப்பட்டிருக்கவில்லை.