பாறைக்குப் பின்னாடி ரெண்டு பேர்

— குனி! தலையைக் குனின்னு சொல்றேன்ல! அந்த மஞ்சள் தொப்பியைக் கழட்டித் தொலை, ஏரிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் தெரியும்.

— எம்மாடி! ஹல்வோர்? நீ படகுத்துறையில மீன் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்னுல்ல நினைச்சேன்!

— நீ உன் அக்கா வீட்டுல காபி குடிச்சுக்கிட்டு இருக்கேன்னு நானும்தான் நினைச்சேன், ஈடுன்.

— தூண்டில் எங்க?

— கார்லயே இருக்கு.

— மீனெல்லாம் மலையேறி வந்துருச்சாக்கும்?

— உன் அக்கா மட்டும் இந்தப் பாறைக்கு அடியிலயா குடியிருக்கா? மெதுவா பேசு. நம்ம பொண்ணோட கூடாரம் முந்நூறு அடிதான், காத்து வேற அந்தப் பக்கமா அடிக்குது.

— எவ்வளவு நேரமா இங்க படுத்திருக்க?

— ஒன்றரை மணி நேரமா. கொசு என்னை வச்சு கல்யாண விருந்தே நடத்திருச்சு. இந்தக் கரையில ஒளியறதுக்கு இருக்கறதே இந்த ஒத்தப் பாறைதான். இருட்டாவது கை கொடுக்கும்னு பாத்தா, ராத்திரியிலயும் வெளிச்சம் போகாத நம்ம ஜூன் மாசத்துல அதுக்கு எங்க போறது?

— பைனாகுலரைக் குடு. இங்க பாரு, நான் அஞ்சு நிமிஷம் பாத்துட்டுப் போயிருவேன்.

— அஞ்சு நிமிஷத்துக்கா தூங்கற பையைச் சுருட்டி முதுகுல கட்டிக்கிட்டு வந்த?

— இங்க பாரு, பேச்சை மாத்தாத. உன் முதுகுப் பையில என்ன?

— சத்தியமா சொல்றேன், ரொட்டி மட்டும்தான். பழுப்புப் பாலாடைக்கட்டி வச்சது. ஒரு ஆறு துண்டு. அப்புறம் சின்னதா ஒரு கூடாரம்.

— ஆகா, தெரியறா! கயிறெல்லாம் எவ்வளவு விறைப்பா கட்டியிருக்கா, பாத்தியா? துணி காயப் போடலாம்.

— எல்லாம் சரி, வெஸ்லா அந்த வாசலை மட்டும் காத்துக்கு எதிரா வச்சிருக்கா. நான் போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தா...

— உக்காரு! பதிமூணு வயசு சிக்னேவை வெஸ்லா, வெஸ்லான்னு சின்னக்குட்டி மாதிரி செல்லமாக் கூப்பிடறதை முதல்ல விடு. நேத்து சாப்பாட்டு மேசையில கையை வச்சு என்ன சத்தியம் பண்ணின?

— வரவே மாட்டேன்னு.

— நான்?

— நீ என்னைவிட சத்தமா பண்ணின.

— அவ என்ன சொன்னா, ஞாபகம் இருக்கா?

— ஏன் இல்லாம? 'எங்க போறோம்னு சொல்லிட்டுத்தான் மலைக்குப் போகணும். அதனாலதான் எந்த ஏரி, எந்தக் கரைன்னு சொல்றேன். அதை வச்சுக்கிட்டு என்னை வேவு பாக்க வந்தீங்கன்னா, இனிமே எங்க போனாலும் உங்ககிட்ட மூச்சு விட மாட்டேன்.' விரலை நீட்டி நீட்டிச் சொன்னா, அப்படியே உன்னை மாதிரி.

— அதுதான் ஹல்வோர் எனக்குப் பயம். இங்க பாரு, ஓநாயும் இல்ல, கரடியும் இல்ல. இன்னும் ரெண்டு வருஷத்துல ஸ்கீயை மாட்டிக்கிட்டு பனியில தனியாப் போவா. அன்னைக்குச் சொல்லாமப் போனான்னா, நாம எந்தப் பக்கம்னு போய்த் தேடறது?

— இவ்வளவு தெரிஞ்சவ எதுக்கு வந்த?

— அவ அஞ்சு மணிக்குப் பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பினாளா, ஆறு மணிக்கு வீட்டுக் கடிகாரம் அடிக்கற சத்தமே எனக்குத் தாங்கல. நீ எதுக்கு வந்த?

— நான் அப்பன். அப்பனுக்கு மூளை கம்மின்னு ஊருக்கே தெரியும். சத்தியமா சொல்றேன், எனக்குப் பன்னெண்டு வயசுல நான் ராத்திரி முழுக்கத் தனியா...

— ஏழு மணிக்கே வீட்டுக்கு வந்துட்டியாமே. உங்கம்மா சொன்னாங்க.

— பூட்ஸ் நனைஞ்சிருச்சு!

— கோடையில. மழை இல்லாத வாரத்துல.

— சரி விடு. பொண்ணு என்ன பண்றா?

— அடுப்புல மீன் உருண்டை பொரிக்கறா. ஐயோ, புகையுது. தீய விட்டுட்டா. சட்டியை இறக்கிட்டா. முழங்காலைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டா. ஹல்வோர்...

— என்ன?

— அவ அழறா.

— எங்க, குடு.

— தோள் குலுங்குது பாரு. நான் போறேன்.

— போகாத.

— கையை விடு! ஹல்வோர், கையை விடுன்னு சொல்றேன்! என் பிள்ளை அங்க தனியா உக்காந்து அழறா!

— எனக்கும் அதே பிள்ளைதான். நீ இப்போ இறங்கிப் போனா, அழுதுக்கிட்டே வீட்டுக்கு வந்தேங்கறதுதான் அவளுக்கு மிஞ்சும். நூறு எண்ணு. அதுக்குள்ள நிறுத்தலைன்னா நானே ஓடறேன்.

— ஒண்ணு. ரெண்டு. மூணு நாலு அஞ்சு ஆறு...

— வேகமா எண்ணாத, அழுகுணி ஆட்டம்.

— ...நாப்பது. நாப்பத்தொண்ணு. எந்திரிச்சுட்டா!

— எங்க போறா?

— ஏரிக்கு. முகத்தைக் கழுவறா. திரும்பி வர்றா. சட்டியைச் சுரண்டறா. கருகினதைக் குப்பைப் பையில கட்டி வச்சுட்டு மிச்சத்தைத் தின்றா. ஹல்வோர், தின்றா! பாட்டு வேற!

— கேக்குது, கேக்குது. என்ன கண்றாவி ராகம்! உன் குரல் அப்படியே.

— மூக்கைத் துடைச்சுக்க.

— கொசு கண்ணுல விழுந்துருச்சு.

— ரெண்டு கண்ணுலயுமா?

— மாலை வணக்கம்!

— ஐயோ! வ... வணக்கங்க, வணக்கம்.

— ரெண்டு பேரும் தரையோட தரையாக் கிடக்கறீங்களே, யாருக்காவது அடிபட்டிருச்சா?

— இல்லீங்க. பறவை பாக்கறோம்.

— அந்தச் சிவப்புக் கூடாரத்துல குடியிருக்கற பறவைங்களா?

— அது... வந்துங்க...

— கவலைப்படாதீங்க தம்பி. எல்லாம் கணவாய்ல நோட்டைப் படிச்சுட்டுத்தான் வர்றேன். நான் மேல் பாதையில சுத்திப் போயிக்கறேன், பறவை மிரண்டுறக் கூடாது. இனிமையான ராத்திரி!

— பாத்தியா ஈடுன்? பெர்கன் டவுன்ல எதிர்வீட்டுக்காரன் லிஃப்ட்ல ஏறினாக்கூட சுவரைப் பாப்பான். மலைன்னா மட்டும் ஒருத்தன் விடாம வணக்கம் வைக்கறானுங்க. அதுவும் நாம ஒளிஞ்சிருக்கறப்போ.

— ஹல்வோர். நோட்டைப் படிச்சேன்னாரே, அந்தப் பெரியவரு.

— ஆமா, கணவாய்ல இரும்புப் பெட்டிக்குள்ள கிடக்கே, வர்றவங்க போறவங்க பேர் எழுதற நோட்டு. அதுக்கென்ன?

— நீ பேர் எழுதினியா?

— பின்ன? எழுதாம யாராவது அந்தப் பெட்டியைத் தாண்டுவாங்களா? பேரு, நேரம், போற இடம்...

— போற இடம் என்னன்னு எழுதின?

— 'மேல் ஏரி, கிழக்குக் கரைக்கு மேல இருக்கற பாறை.'

— அடப்பாவி! திருடப் போறவன் விலாசத்தை எழுதி வச்சுட்டா போவான்?

— கை பழக்கத்துல எழுதிருச்சு! ஏன், நீ எழுதலியா?

— பென்சில் வச்சிருந்த பக்கத்துல எழுதினேன். புதுப் பக்கமா இருந்துச்சு.

— அது நான் வச்ச பென்சில். என் வரியோட பக்கம் நிறைஞ்சிருச்சு, வர்றவங்களுக்கு வசதியா இருக்கட்டுமேன்னு திருப்பி வச்சேன்.

— ரொம்ப வசதியா இருந்துச்சு! இங்க பாரு, நாளைக்குக் காலையில அவ அந்த வழியாத்தான் திரும்பணும். பெட்டியைத் திறப்பா. ராத்திரி முழுக்க நல்லபடியா இருந்துட்டேன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு எழுத வருவா. எதிர்ல உன் பேரும் என் பேரும் பல்லை இளிக்கும்.

— அந்தத் தாளைக் கிழிச்சுடலாம்.

— மலை நோட்டையா? உனக்கு எப்படி வாய் வருது? அவ முதல் தடவையாத் தனியா வந்து எழுதின பேரும் அதுலதான் இருக்கு.

— சரி, அழிச்சுடுவோம். பென்சில்தானே. வா, போலாம். அப்படியே வீட்டுக்குப் போயிடுவோம், ஈடுன். அவ உள்ள போய் ஜிப்பைப் போட்டுட்டா. நாம தேவைப்படல.

— அதுக்கு ஏன் இப்படி முகம் வாடற? அதுக்காகத்தானே வளர்த்தோம்.

— தெரியும். இருந்தாலும் வலிக்குது.

— எனக்கும்தான். குனிஞ்சே வா.

— நில்லு, நில்லு. இந்த ஏத்தத்துல மூச்சு வாங்குது. மணி என்ன?

— ஒன்பதே கால். கணவாய் வந்தாச்சு. பெட்டியைத் திற.

— இந்தா நோட்டு. பென்சில் முனையிலேயே ரப்பர் இருக்கு.

— என் வரியை அழிச்சாச்சு. இப்போ உன் பக்கம். அடேங்கப்பா, எவ்வளவு பெருசா எழுதி வச்சிருக்க!

— எனக்கு மேல சிக்னேவோட பேரு இருக்கும் பாரு.

— இருக்கு. ஹல்வோர், அவ பேருக்குப் பக்கத்துல, குறிப்புன்னு போட்ட கட்டத்துல பொடிப்பொடியா என்னமோ எழுதியிருக்காளே? நீ படிக்கலியா?

— கண்ணாடி வீட்டுல. அவ பேரு மட்டும் தெரிஞ்சுது, சந்தோஷத்துல அதுக்குக் கீழேயே எழுதிட்டேன். என்ன எழுதியிருக்கா?

— இரு, நோட்டை வெளிச்சத்துக்குத் திருப்பறேன்.

— சத்தமாப் படி.

— 'அம்மா, அப்பா, பாறைக்குப் பின்னாடி தரை ஈரமா இருக்கும், எதையாவது விரிச்சுக்கோங்க. ஒன்பது மணி வரைக்கும் இருங்க, அது வரைக்கும் எனக்கும் கொஞ்சம் பயமா இருக்கும். அப்புறம் வீட்டுக்குப் போயிடுங்க. நான் அந்தப் பக்கம் திரும்பியே பாக்க மாட்டேன், சத்தியம்.'