ஒரே ஒரு கட்டுரை

எங்கள் கணினி அறை உச்சி வெயிலிலும் குளிராக இருக்கும், மேடம். மதியச் சாப்பாட்டை அவசரமாக முடித்துவிட்டுப் பிள்ளைகள் அங்கே ஓடி வந்துவிடுவார்கள். குளிருக்காக வந்தவர்கள்தான் பிறகு படிக்கவும் ஆரம்பித்தார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை.

விசாரணைக்காக, நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன்.

என் பெயர் ஏஞ்சலின், ஊர் ஆரம்பாக்கம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் இந்தப் பள்ளியில் நான்கு வருடமாக நூலகர். போன ஜூனில், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் தொழிற்சாலை ஒன்று எங்களுக்கு ஒன்பது கணினியும் ஆய்வுத் தரவுத்தளம் ஒன்றுக்கு ஒரு வருடச் சந்தாவும் கொடுத்தது. உலகம் முழுக்க விஞ்ஞானிகள் எழுதிய கட்டுரைகளை அதில் தேடிப் படிக்கலாம். சென்னையில் பெரிய கல்லூரிக்காரர்கள் படிப்பதை எங்கள் பிள்ளைகளும் படித்தார்கள். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு படித்தார்கள்.

என் நூலக வகுப்பில் ஒரே ஒரு விதிதான். 'யூடியூபில் பார்த்தேன்', 'ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள்' என்றெல்லாம் எழுதக் கூடாது. தரவுத்தளத்தில் இருந்தால் எழுது, இல்லையென்றால் விட்டுவிடு. பிள்ளைகள் வீட்டிலும் இதையே பேசினார்கள். பதினொன்றாம் வகுப்பு வினோதாவின் அப்பா கோபால் ஒருநாள் கேட்டில் என்னை நிறுத்தி, குழம்பில் உப்பு கம்மி என்று சொன்னால்கூட இந்தப் பெண் ஆதாரம் கேட்கிறாள் மிஸ் என்று சொல்லிச் சிரித்தார். அவர் அந்தத் தொழிற்சாலையில்தான் உலைப் பக்கம் வேலை செய்கிறார்.

யார் என்ன தேடினார்கள் என்பது என் கணினியில் தெரியும். நன்றாகச் செய்தவர்களைப் பாராட்டத்தான் அதைப் பார்ப்பேன். நவம்பரில் வினோதா தேடியவை இவை: குழந்தை வயிற்று வலி. குழந்தை சோகை. ஈயம். வேலைச் சட்டை.

அவளுக்கு இரண்டரை வயதில் ஒரு தங்கை இருந்தாள். பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அவள் தேடிக் கண்டுபிடித்த கட்டுரையை நானும் படித்தேன். நல்ல கட்டுரை. ஈயம் உருக்குகிறவர்களின் சட்டையோடு தூசி வீட்டுக்கு வருகிறது, தூக்கிக் கொஞ்சும்போது குழந்தைக்குள் போகிறது, முற்றினால் வலிப்பு வரும் என்று அதில் இருந்தது. செய்ய வேண்டியதும் கடினமில்லை. தொழிற்சாலையிலேயே குளித்து உடை மாற்றிக்கொண்டு வர வேண்டும், குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அச்சு எடுக்க என் கையெழுத்து வேண்டும் என்பதால் வினோதா வியாழக்கிழமை சீட்டு எழுதி வைத்திருந்தாள். பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு அவள் வைத்த தலைப்பு 'அப்பாவின் சட்டை'.

கண்காட்சிக்குச் சிறப்பு விருந்தினர் அந்தத் தொழிற்சாலையின் அதிகாரி. சந்தாவைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவரும் அவரே.

யாரும் என்னை எதுவும் செய்யச் சொல்லவில்லை, மேடம். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். தலைமையாசிரியருக்குத் தெரியாது. அந்த அதிகாரி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானாகத்தான் யோசித்தேன். நானூறு பிள்ளைகளுக்கு ஓர் அறை. அந்தத் தளத்தில் இருப்பது லட்சக்கணக்கான கட்டுரைகள். அதில் ஒன்று கண்ணில் படாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று யோசித்தேன். பள்ளிக்கு ஒவ்வாத கட்டுரைகளைத் தேடலில் வராமல் மறைக்க நூலகர் கணக்கில் ஒரு வசதி உண்டு. வெள்ளிக்கிழமை மாலை நான்கு பத்துக்கு அதை அழுத்தினேன். உங்கள் கையில் இருக்கும் தாளிலும் அதே நேரம்தான் இருக்கும்.

திங்கட்கிழமை வினோதா வெகு நேரம் தேடினாள்.

"மிஸ், இங்கதான் இருந்துச்சு மிஸ். மூணு நாளா படிச்சிக்கினு இருந்தேன். இப்ப காணோம்."

"தப்புன்னு தெரிஞ்சா கட்டுரையைத் திரும்ப எடுத்துக்குவாங்க வினோதா. விஞ்ஞானத்துல அது ஒரு நேர்மை."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"அப்போ அப்பா பாப்பாவைத் தூக்கலாமா மிஸ்?"

தூக்கலாம் என்று நான் சொல்லவில்லை. "கூடாதுன்னு சொல்ல ஆதாரம் இல்லையேம்மா," என்றேன். அவள் நோட்டில் அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்தாள். என் விதியை அவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்த பிள்ளை வேறு யாரும் இல்லை.

இரண்டு நாள் கழித்து அவள் அம்மா கன்னியம்மா பள்ளிக்கு வந்தார். ஒரு வாரமாக வீட்டில் பெரிய பேஜார் என்றார். அப்பா வாசலிலேயே சட்டையைக் கழற்ற வேண்டுமாம், தனி வாளியில் ஊற வைக்க வேண்டுமாம், சனிக்கிழமை பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழந்தைக்கு ரத்தம் எடுக்க வேண்டுமாம்.

"இப்ப வந்து அதெல்லாம் தப்பாம், எடுத்துட்டாங்களாம்னு சொல்லுது. இன்னா மிஸ், நெஜமாவா? சனிக்கெழம போவணும்னா ஒரு நாள் வேல போவும். போலாமா, வேணாமா?"

எடுத்துவிட்டார்கள் என்பது உண்மைதான் என்றேன். அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. புள்ளைய தூக்க முடியாம அந்த மனுஷன் ஒரு வாரமா சோறே எறங்காம கெடந்தாரு மிஸ், இன்னிக்குப் போய் சொல்றேன் என்று சிரித்துக்கொண்டே போனார்.

சனிக்கிழமை அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

வினோதா தலைப்பை மாற்றிக்கொண்டு பழவேற்காட்டுப் பறவைகளைப் பற்றிச் செய்தாள். இரண்டாம் பரிசு கிடைத்தது. அதிகாரி ஒவ்வொரு கணினியாகப் பார்த்து, இன்னும் மூன்று வருடத்துக்குச் சந்தா உண்டு என்று மேடையிலேயே சொன்னார். பிள்ளைகள் கைதட்டியதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு குழந்தைக்கு வலிப்பு வந்தது. பட்டணம் போய்ச் சேர்வதற்குள் மூன்று முறை வந்ததாம். ரத்தத்தில் ஈயம் எவ்வளவு இருந்தது என்று மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தாளும் உங்களிடம் இருக்கும். குழந்தை பொங்கலைப் பார்க்கவில்லை. அடக்கத்துக்கு நான் போனேன். கோபால் தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

பள்ளி திறந்த அன்று காலை ஒன்பது மணிக்கு, மறைத்த கட்டுரையைத் திரும்பத் தெரியும்படி செய்தேன். வேறு யாருக்காவது உதவுமே என்று தோன்றியது. அதை யாரும் எனக்கு நல்லதாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

அன்று மதியம் வினோதா வந்தாள், தேடினாள். கட்டுரை இருந்தது. கடைசி வரி வரை படித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். நான் புத்தகங்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தேன். அவள் மறுபடி கணினிப் பக்கம் திரும்பி, தரவுத்தள நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். இந்தக் கட்டுரை எப்போது திரும்பப் பெறப்பட்டது, எப்போது திருப்பி வைக்கப்பட்டது என்று இரண்டே கேள்வி. நேர்த்தியான ஆங்கிலம். அப்படி எழுத நான்தான் கற்றுக்கொடுத்தேன். ஒருபோதும் திரும்பப் பெறப்படவில்லை, உங்கள் பள்ளிக் கணக்கிலிருந்து மறைக்கப்பட்டது என்று பதில் அனுப்பினார்கள். அதன் பிறகுதான் நீங்கள் வந்தீர்கள்.

ஆமாம், மறைத்தது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அந்த அறையை மட்டும் பூட்டிவிடாதீர்கள்.

மனதில் ஒரே ஒரு குறை உண்டு. முன்பின் தெரியாத ஊரில் இருக்கிறவர்களுக்குக் கடிதம் எழுதியவள், நான்கு அடி தள்ளி உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து நேராகக் கேட்டிருக்கலாம். பிள்ளைகள் கேட்டு நான் எதையும் இல்லை என்று சொன்னதில்லை, மேடம்.