அப்புத்துரை பார்த்துக் கொடுத்த பெட்டிகள்

கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர்கள் முதலில் திரையைப் பார்க்கிறார்கள். அது தவறு. முதலில் பெட்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் பவர் சப்ளை கனமாக இருந்தால் செம்பும் இரும்பும் போதிய அளவு போட்டிருக்கிறார்கள் என்று பொருள். காற்றுப்போல வந்தால், வெளியே எத்தனை வாட் என்று ஒட்டியிருந்தாலும் நம்பக் கூடாது. உங்கள் மேசையில் இருக்கும் இந்தப் பெட்டிகூட அவ்வளவு நல்லதல்ல, இன்ஸ்பெக்டர். விசிறி ஒரு பக்கம் உரசுகிறது. காது கொடுத்துக் கேளுங்கள்.

என் பெயர் விநாசித்தம்பி அப்புத்துரை. என் தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்தப் பினாங்குத் துறைமுகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். வாசிக்காத தாளில் கையெழுத்து வைக்காதவர். நான் வீட்டு மின் இணைப்புகளைப் பார்த்துச் சான்று தரும் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றேன். ஜார்ஜ் டவுனில் பாதி வீடுகளின் வயரிங்கை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டிலும் நெருப்புப் பிடித்ததில்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் சொல்லப்போவதற்கு இது தேவை.

என் மகன் அம்பிகைபாகன் பெரிய பேரங்காடி ஒன்றில் கம்ப்யூட்டர் பகுதிக்குப் பொறுப்பாளன். தொண்ணூற்றாறில் அந்தப் பேரங்காடி தன் சொந்தப் பெயரில் விளையாட்டுக் கம்ப்யூட்டர் விற்கத் தொடங்கியது. எல்லாம் பொருத்தி முடித்து, அட்டைப்பெட்டியில் வந்துவிடும். மீனும் மிளகாயும் வாங்க வருகிறவர் அதே தள்ளுவண்டியில் ஒரு கம்ப்யூட்டரையும் தள்ளிக்கொண்டு போகலாம். பிள்ளைகள் கார் ஓட்டலாம், விமானம் சுடலாம். விலையைக் கேட்டால் எவருக்கும் ஆசை வரும். ஆனால் விலை குறைந்தால் நம் ஆட்களுக்குச் சந்தேகமும் வரும்.

"அப்பா, நீங்க ஒருக்கா பாத்துக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா போதும்," என்றான் மகன். "அப்புத்துரை பாத்ததுன்னா யாரும் வாயத் திறக்கமாட்டாங்க லா."

நான் சும்மா கையெழுத்துப் போடவில்லை. பேரங்காடியின் பின்னறையில் ஒரு பெட்டியைத் திறந்து வைத்துப் பார்த்தேன். பழைய சிப்பின் மேல் புதிய எண் அச்சிட்டிருக்கிறார்களா என்று ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். சொன்ன அளவு மெமரி இருக்கிறதா என்று எண்ணினேன். படம் காட்டும் அட்டை மட்டமானது, அதைச் சொன்னேன், மாற்றினார்கள். காலையில் கார்ப் பந்தயத்தை ஓடவிட்டு, சாயங்காலம் வரை நிறுத்தாமல் வைத்தேன். அடிக்கொரு தரம் புறங்கையால் பெட்டியைத் தொட்டேன். எங்கள் தொழிலில் உள்ளங்கையால் தொடமாட்டோம். கசிவு இருந்தால் மின்சாரம் விரல்களை மடக்கிப் பிடித்துக்கொள்ளும். புறங்கையானால் கை தானாக விலகிவிடும்.

கை விலகவில்லை. சூடும் அளவோடு இருந்தது. ஒப்புதல் கொடுத்தேன். அதன் பிறகு ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் என் பெயர் அச்சிட்ட பொன்னிற ஒட்டுத்தாள் ஒன்று வந்தது. தமிழ்ப் பத்திரிகை விளம்பரத்திலும் என் பெயர் வந்தது. கோயிலில் ஆட்கள் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். என் தகப்பனார் பெயரின் முதலெழுத்தும் அதில் இருந்தது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

சில மாதம் கழித்து அக்கரையில் பாகான் டாலாமிலிருந்து ஜெயலெட்சுமி என்ற பெண் பேரங்காடிக்குப் போன் செய்தாள். பெட்டி கடிக்கிறது என்றாள். மகன் என்னையும், பழுது பார்க்கும் நாகூர் மீரானையும் அனுப்பினான். மீரானுக்கு முப்பது வயதிருக்கும். டிப்ளோமா படித்தவன். வாய் ஓயாதவன். ஃபெரியில் கடல் தாண்டும் நேரம் முழுவதும் தன் மாமாவின் சாப்பாட்டுக்கடை மீன்கறியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான்.

வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். சிமெண்டுத் தரை. அந்தப் பெண் அப்போதுதான் துடைத்திருந்தாள். நான் வழக்கம்போலப் புறங்கையால் தொட்டேன். கை தோள்வரை தெறித்து விலகியது.

திறந்து பார்த்தோம். இந்தப் பெட்டிகளில் சுவரிலிருந்து வரும் மின்சாரம் நேரே முன்பக்கச் சுவிட்சுக்குப் போகும். அந்த வயர் வளையும் இடத்தில் தகரத்தின் ஓரத்தை அரம் போடாமல் விட்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவை சுவிட்சை அமுக்கும்போதும் ஓரம் வயரைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்திருக்கிறது. அது பழைய வீடு, கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும் எர்த் வயர் கிடையாது. வெறுங்காலோடு தொடுகிறவர் வழியாகத்தான் மின்சாரம் தரைக்கு இறங்க வேண்டும்.

என் சோதனையில் தவறில்லை. புதுப் பெட்டியில் வயர் அறுந்திருக்காது. பேரங்காடியில் எர்த் உண்டு. நான் ரப்பர் அடிப்பாகம் வைத்த சப்பாத்தும் போட்டிருந்தேன். நம் வீடுகளில் யாரும் சப்பாத்தோடு கம்ப்யூட்டர் முன் உட்காரமாட்டார்கள் என்பது அப்போது என் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். தகரத்தின் ஓரத்திலும் நான் விரல் வைத்துப் பார்க்கவில்லை.

அந்த ஒரு பெட்டியின் வயரை மாற்றி, ஓரத்துக்கு டேப் சுற்றினோம். ஜெயலெட்சுமியிடம், ஈரக் கையால் தொட்டிருப்பீர்கள் அம்மா, இனிப் பயமில்லை என்று சொன்னேன். அவளுடைய சின்ன மகள் பெட்டியின் பக்கத்தில் வர மறுத்துக் கதவின் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது ஃபெரியில் மீரான் மீன்கறியைப் பற்றிப் பேசவில்லை.

"ஐயா, வித்த பெட்டி எல்லாம் இப்டித்தான் இருக்கும். எல்லாத்தயும் திரும்ப வாங்கிடணும். பேப்பர்ல போடணும்."

"பேப்பரில என்னெண்டு போடுவீர்?"

"அப்புத்துரை பாத்த பெட்டிய யாரும் தொடாதீங்கன்னு போட வேண்டியதுதான் லா," என்று சொல்லிச் சிரித்தான்.

பகிடிக்குத்தான் சொன்னான். எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இதை ஒளிக்காமல் சொல்கிறேன். போன் அடித்தால் எடுக்கமாட்டேன். ஆம்புலன்ஸ் சத்தம் எந்தப் பக்கம் போகிறது என்று சன்னலில் நின்று கேட்பேன். பள்ளி விட்டுப் பிள்ளைகள் வீடு வந்து சுவிட்சை அமுக்கும் நேரமானால் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கேயோ ஒரு வீட்டில், எவனோ ஒருவன் பெட்டியைப் புரட்டி அந்த ஒட்டுத்தாளை வாசிப்பது போலத் தோன்றும். சோறு இறங்கவில்லை. என் மனைவி நல்லம்மா, "என்னப்பா, மெலிஞ்சு போறீங்கள்," என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மீரான் என் மகனிடமும் சொல்லிவிட்டான். அம்பிகைபாகன் வீட்டுக்கு வந்து என் நாற்காலிக்கு எதிரே நின்றான். உட்காரவில்லை.

"அப்பா, மீரான் சொல்றது சரிதானே? நான் மேல சொல்லிடவா?"

"பொறு. நான் இன்னொருக்காப் பார்த்திட்டுச் சொல்லுறன்."

"பிள்ளைங்க விளையாடுற சாமான்பா."

"பொறு எண்டு சொன்னனான்."

பொறுத்தான். சின்ன வயதிலிருந்தே சொல்வதைக் கேட்கிற பிள்ளை. ஆனால் மீரான் என் பிள்ளையல்ல. திங்கட்கிழமை, பொருள் வாங்குகிறவர்கள் முறைப்பாடு கொடுக்கும் பயனீட்டாளர் சங்கத்துக்குப் போகப்போவதாகச் சொன்னான். நான் அவனுக்குப் போன் செய்தேன். நியாயமாகத்தான் பேசினேன். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வீட்டுக்கு வாரும், ஒரு பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன், இரண்டு பேருமாகப் பார்ப்போம், நீர் சொல்வது சரியென்றால் நானே பத்திரிகைக்குச் சொல்கிறேன் என்றேன். அவன் மிகவும் சந்தோஷப்பட்டான். "ஐயா சொன்னாதான் ஐயா எடுபடும்," என்றான்.

வெள்ளிதோறும் நல்லம்மா தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய், மதிய அன்னதானம் முடிந்துதான் வருவாள். அவள் போன பிறகு முன்னறைத் தரையை நான் துடைத்தேன். என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. துணியை அதிகம் பிழியவில்லை. சுவர்ச் சாக்கெட்டைத் திறந்து எர்த் வயரைக் கழற்றினேன். பெட்டிக்குள் செய்ய வேண்டியதை முந்தின நாளே செய்திருந்தேன். என் வீட்டில், மின்சாரம் கசிந்தால் தானாக விழும் காப்புச் சுவிட்ச் கிடையாது. ஒழுங்காக வயரிங் செய்த வீட்டுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

அவன் வந்தான். சப்பாத்தைக் கழற்றும்படி நான் சொல்லவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவனாகக் கழற்றினான், காலுறையையும் கழற்றி உள்ளே செருகி வைத்தான். நான் ரப்பர்ச் செருப்புப் போட்டிருந்ததைக் கண்டான்.

"என்னாங்கய்யா, வீட்டுக்குள்ள செருப்பு?"

"குதிக்கால் வலி. டாக்டர் போடச் சொன்னவர்."

"நம்ம உம்மாவுக்கும் அப்டித்தான். வெந்நீர்ல உப்புப் போட்டுக் கால வைங்க ஐயா, கேக்கும்."

பெட்டியின் அருகே போனவன் நின்றான். தொழில் தெரிந்தவன் அல்லவா. புறங்கையை நீட்டப் பார்த்தான்.

"ஐயா, இங்க எர்த் இருக்குல்ல?"

"இது அப்புத்துரை வீடு."

அவன் சிரித்தான். "மன்னிச்சிருங்க லா ஐயா. கேக்கக் கூடாத கேள்வி."

இந்தப் பக்கம் வெளிச்சத்துக்குக் கொஞ்சம் நகர்த்தும் என்றேன். அவன் குனிந்து இரண்டு கைகளாலும் பெட்டியைப் பிடித்தான்.

சுவர்ச் சுவிட்சை எப்போது அணைத்தேன் என்று கேட்கிறீர்கள். உடனே அணைக்கவில்லை. அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் கோபம் எதுவும் இல்லை. சுவிட்ச் என் பக்கத்தில்தான் இருக்கிறது, ஐயா அணைத்துவிடுவார் என்று காத்திருப்பது போல இருந்தது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

பிறகு பெட்டியைப் பின்னறைக்குக் கொண்டுபோனேன். கிழிந்த வயர் உள்ள பழைய நிற்கும் விசிறி ஒன்று இருந்தது. அதைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் சாய்த்துவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். விசிறியைப் பழுது பார்க்க வந்தான் என்று சொன்னேன். சாக்கெட்டில் எர்த் வயரைத் திரும்ப மாட்டுவதாகத்தான் திட்டம். திருப்புளியைத் தேடி எடுப்பதற்குள் நேரம் போய்விட்டது. வாசலில் ஆட்கள் வந்துவிட்டார்கள். மூடியை மட்டும் முடுக்கினேன்.

மகன் ஓடி வந்தான். மீரானைப் பார்த்தான், ஈரத் தரையைப் பார்த்தான், பிறகு என் காலைப் பார்த்தான். அன்றிலிருந்து அவன் என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. பெட்டிகளைப் பற்றியும் மேலே யாரிடமும் அவன் பேசவில்லை. அந்த வகையில் நான் நினைத்தது நடந்தது.

நான் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் விசாரிக்க வந்த பொடியன், நான் இருந்த இலாகாவிலேயே வேலை பார்க்கிறவன், சாக்கெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, வீட்டு வயரிங்கில் குறைபாடு என்று எழுதினான். பத்திரிகையிலும் அப்படியே வந்தது, என் தெருப் பெயரோடு. போன வாரம் மீரானின் தாய் நூர் பீவி என்னைப் பார்க்க வந்தாள். நான் கும்பிட்டேன். அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"உங்கள நான் ஒண்ணும் சொல்லமாட்டேங்கய்யா. பழைய வீடு, வயரு கெட்டுப்போச்சு, நீங்க என்ன பண்ணுவீங்க? வயசான காலத்துல கவனிக்க முடியுமா?"

அவள் போன பிறகு நான் அந்த நாற்காலியிலேயே விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் என்னை மன்னித்துவிட்டுப் போயிருந்தாள், நான் செய்யாத ஒரு பிழைக்காக. அதைப் பொறுத்துக்கொண்டு எப்படி ஒரு மனிதன் இருக்க முடியும்? அதனால்தான் யாரும் அழைக்காமலே இன்று உங்களிடம் வந்தேன்.

மற்றப் பெட்டிகள் யார் யார் வீட்டில் இருக்கின்றன என்று மறுபடியும் கேட்கிறீர்கள். அது பேரங்காடியின் விஷயம். பாகான் டாலாமில் இருக்கும், புக்கிட் தெங்காவில் இருக்கும், இந்தத் தீவிலும் நிறைய இருக்கும். அவற்றை நான் பார்த்துத்தான் கொடுத்தேன், அதைப் பற்றிப் பேச நான் வரவில்லை. நீங்கள் போனை எடுக்கிறீர்கள். தாராளமாக எடுங்கள். அதற்கு முன் ஒரு வரி மட்டும் எழுதிவிடுங்கள், நான் வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வைக்கிறேன்: நாகூர் மீரானைக் கொன்றது அப்புத்துரை, அப்புத்துரை வீட்டு வயரிங்கில் ஒரு குறையும் இல்லை.