காகிதத்துக்கு வைத்தியம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினால் ராஜபாளையம் அரை மணி நேரம்தான். அதற்குள் ஒரு தூக்கம் போட்டுவிடுவேன். உட்கார இடம் இல்லாவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்குவேன். கண்டக்டர்களுக்கு என்னைத் தெரியும். பஞ்சு மார்க்கெட் வந்ததும் தோளைத் தட்டி எழுப்பிவிடுவார்கள். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர். எனக்குத் தூக்கம் கெட்டதே இல்லை. அந்த நாளிலும் சரி, அதற்குப் பிறகும் சரி.

நான் டாக்டர்தான். ஆனால் நோயாளிகளுக்கு என்னைத் தெரியாது. நான் வேலை பார்த்த ராஜபாளையம் தர்ம ஆஸ்பத்திரியில் ரத்தம், சிறுநீர், சளி, அறுத்தெடுத்த சதை எல்லாம் என் அறைக்கு வரும். எண்ணாகவோ இரண்டு வரியாகவோ திரும்பிப் போகும். 'லேப் டாக்டர்' என்பார்கள். நானும் எம்.டி. படித்தவன் என்பது அங்கே பலருக்கு மறந்துபோயிருந்தது. பெரிய டாக்டர் திருப்பதி ராஜா வார்டைச் சுற்றி வரும்போது அவர் பின்னால் ஒரு ஊர்வலமே போகும். நான் கேன்டீனுக்குள் நுழைந்தால் டீ மாஸ்டர் மட்டும் எழுந்திருப்பார், அதுவும் டீ ஆற்றுவதற்காக.

இதைப் பொறாமை என்று எழுதிக்கொள்ள வேண்டாம். பொறாமைப்பட அவர்களிடம் ஏதாவது இருந்திருக்க வேண்டும்.

முதல் தடவை நடந்தது தற்செயல். எண்பத்தொன்பதில் என் டெக்னீஷியன் இரண்டு பாட்டில்களை மாற்றி வைத்துவிட்டான். மில்லில் மேஸ்திரியாக இருந்த மலைச்சாமி என்பவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் செய்ய இருந்தார்கள். காளை மாதிரி ஆள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர் பெயரில் ஒரு சோகைக்காரியின் ரத்த அளவு போய்விட்டது. திருப்பதி ராஜா அவருடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்து, பக்கத்தில் நின்ற நர்ஸிடம், "பாத்தியாம்மா, ரத்தமே இல்ல, வெள்ளைக் காகிதம் மாதிரி இருக்கு" என்றாராம். ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றச் சொல்லி என்னிடமே சீட்டு வந்தது. பொருத்தம் பார்க்கும்போதுதான் தவறு எனக்குத் தெரிந்தது. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சிரித்தேன். பிறகு ரத்தத்தை அனுப்பினேன்.

ஏன் அனுப்பினேன் என்றால், அந்த நிமிடத்தில் ஒரு கேள்வி எனக்குள் உருவாகிவிட்டது. இருபது வருட அனுபவசாலி ஒருவர் சிவந்த இமையைப் பார்த்து வெளுப்பு என்கிறார். அவர் பார்க்காமல் இல்லை, பார்த்தார். காகிதத்தைப் படித்துவிட்டுப் பார்த்தார். அவர் கண்ணில் காகிதம்தான் தெரிந்தது. இந்த ஆஸ்பத்திரியில் வேறு யாருக்காவது நோயாளி தெரிகிறாரா?

அந்தச் சோகைக்காரியா? அவள் ஒரு இரும்புச்சத்து மாத்திரைகூட இல்லாமல் வத்திராயிருப்பு பஸ்ஸில் ஊருக்குப் போனாள். பிறகு என்ன ஆனாள் என்று தெரியாது. அது ஆய்வு தொடங்குவதற்கு முந்திய கதை.

ஆய்வை ஒழுங்காகத்தான் செய்தேன். பொது மருத்துவம், அறுவை, பிரசவம், குழந்தைகள் என்று எல்லாப் பிரிவையும் எடுத்துக்கொண்டேன். ஒரு பிரிவை மட்டும் குறிவைத்தால் பழி தீர்க்கிறேன் என்பீர்கள். மாதத்துக்கு ஒன்றிரண்டு பொய் அறிக்கைகள், அவ்வளவுதான். அதற்கும் ஒரு விதி இருந்தது. நான் எழுதும் பொய், நோயாளியை ஒரு தடவை ஒழுங்காகப் பார்த்தாலே உடைந்துபோகிற பொய்யாக இருக்க வேண்டும். பரீட்சை என்றால் கேள்வி நியாயமாக இருக்க வேண்டுமல்லவா?

பிரசவப் பிரிவில் ஒரு கர்ப்பிணிக்குக் காமாலை என்று எழுதி அனுப்பினேன். அவள் கண் பால் மாதிரி வெள்ளையாக இருந்திருக்கும். அங்கிருந்த டாக்டரம்மா, "கண்ணுக்குத் தெரியுறதுக்கு முந்தியே பிடிச்சிட்டோம், ஒன் நல்ல காலம்" என்று சொல்லி எண்ணெயும் உப்பும் இல்லாத பத்தியத்தில் அவளைப் பிரசவம் வரை போட்டுவைத்தார். அந்தக் குடும்பம் டாக்டரம்மாவுக்கு மாம்பழக் கூடை கொடுத்து நன்றி சொன்னது. எனக்கும் இரண்டு பழம் வந்தது.

அறுவைப் பிரிவில் டாக்டர் ஹுமாயூன். கை வேகமானவர், மூளை அந்த வேகத்துக்கு வராது. ஆலங்குளத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடப் பெண் வயிற்று வலியோடு வந்தாள். மாங்காய் தின்ற வலி. வெள்ளை அணுக்களைக் கூட்டி எழுதினேன். வயிற்றைக் கையால் அமுக்கிப் பார்த்திருந்தால் போதும். அவர் கிழித்துவிட்டார். அறுத்தெடுத்த குடல்வாலும் என் அறைக்குத்தானே வர வேண்டும்? வந்தது. பழுதே இல்லாத குடல்வால். 'லேசான அழற்சி' என்று அறிக்கை கொடுத்தேன். உண்மையை எழுதினால் ஹுமாயூன் எச்சரிக்கையாகிவிடுவார், ஆய்வு கெட்டுவிடும். ஆராய்ச்சியில் இதற்கெல்லாம் உறுதி வேண்டும்.

இப்படி மூன்று வருடம் போயிற்று. ஒருவர்கூடத் திரும்பி வந்து, "இந்த ரிப்போர்ட் என் நோயாளியோடதுதானா?" என்று கேட்கவில்லை.

பிறகு நூர்பானு வந்தாள். ராஜபாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சேக் முகைதீனின் மகள். மதுரையில் படிப்பை முடித்துவிட்டுத் திருப்பதி ராஜாவிடம் டூட்டி டாக்டராகச் சேர்ந்திருந்தாள். ஒல்லியான பெண், மெல்லப் பேசுவாள். நோயாளியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை கேட்பாள் என்று நர்ஸுகள் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

முத்தாத்தாள் விஷயத்துக்கு வருகிறேன். அதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

செட்டியார்பட்டிக்காரி. மில்லில் நூல் சுற்றும் கோன் வைண்டிங் வேலை. காலில் ஆறாத புண்ணுக்காகச் சேர்ந்திருந்தாள். சர்க்கரை கொஞ்சம் கூடுதல்தான், மாத்திரையில் அடங்கிவிடும். நான் நானூற்றுக்கு மேல் எழுதினேன். திருப்பதி ராஜா காலையில் ரவுண்ட்ஸ் வந்து, தலைமாட்டில் தொங்கிய அட்டையைப் பார்த்து இன்சுலின் எழுதிவிட்டுப் போனார். நல்ல கனமான அளவு.

பத்தரை மணி வாக்கில் முத்தாத்தாளின் ரத்தம் மறுபடி வந்தது. அனுப்பியவள் நூர்பானு. 'அவசரம்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். ஓட்டிப் பார்த்தேன். இருபத்தெட்டு.

அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். மூளைக்குச் சர்க்கரை போகவில்லை. உடனே குளுக்கோஸ் ஏற்றினால் ஐந்து நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து பேசுவாள், ஏற்றாவிட்டால் போய்விடுவாள். யோசித்தேன். உண்மை எண்ணை எழுதினால் நூர்பானு குளுக்கோஸ் ஏற்றுவாள். ஆனால் அது என் காகிதத்தை நம்பிச் செய்ததாகிவிடும். நோயாளியை நம்பிச் செய்வாளா என்பதுதான் என் கேள்வி. முந்நூற்று எண்பது என்று எழுதி அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் ஸ்ட்ரெச்சர் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. நோயாளியை லேப் வாசலுக்கே தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். அந்த ஆஸ்பத்திரியில் யாரும் அப்படிச் செய்ததில்லை.

"சார், ஒரு தடவ வந்து பாருங்க சார்" என்றாள். "வேர்த்து ஊத்துது. கை ஐஸா இருக்கு. நாக்கு காயல, மூச்சும் சாதாரணமா இருக்கு. சுகர் கூடுன ஆளு மாதிரி இல்ல சார். யூரின்ல பெனடிக்ட் போட்டுப் பாத்தேன், நீலமாவே நிக்கிது, சுகரே இல்ல."

நான் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்திருந்தேன். "வயசானா ரத்தத்துல எவ்வளவு இருந்தாலும் கிட்னி சுகர வெளிய விடாதும்மா. இதக்கூடச் சொல்லித் தரலையா ஒங்க காலேஜுல?"

"அவங்களுக்கு நாப்பது வயசுகூட ஆகல சார்."

பதில் சொல்லும் முன்பே ஒரு ஆணின் குரல் கேட்டது. முத்தாத்தாளின் புருஷன் பால்ச்சாமி. "ஐயா, காலைல இட்லி தின்னுட்டு நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தா. ஊசி போட்ட பொறவுதான் இப்படி ஒளறுதா. என்னையப் பாத்து நீ யாருன்னு கேக்கா. செத்த வந்து பாருங்கய்யா."

"பெரிய சார் என்ன சொல்றாரு?" என்று நூர்பானுவிடம் கேட்டேன்.

"ரிப்போர்ட் இப்படி இருக்கப்ப குளுக்கோஸ் ஏத்துனா கொலை பண்ணுறதுக்குச் சமம்ங்கிறாரு. இன்னொரு டோஸ் இன்சுலின் போடச் சொல்லிட்டாரு." ஒரு அடி உள்ளே வந்தாள். "எனக்கு மனசு ஒப்பல சார். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, ரிப்போர்ட்டுல சந்தேகம் இருக்குன்னு. அது போதும், நான் ஏத்திருவேன்."

இந்த இடத்தை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும், இன்ஸ்பெக்டர். அவள் பார்த்திருந்தாள். காகிதத்தை ஒதுக்கிவிட்டு நோயாளியைப் பார்த்திருந்தாள். மூன்று வருடத்தில் முதல் ஆள். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். சொல்லப்போனால் எரிச்சலாக இருந்தது. நேற்று வந்த பெண். ஒரு மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, என் எண் தப்பு என்று என் வாசலில் வந்து நின்று சொல்கிறாள்.

உறுதியான ஆள்தானா என்று பார்க்க வேண்டியிருந்தது. அதுவும் ஆய்வில் ஒரு படிதான்.

"ரெண்டு தடவ ஓட்டிப் பாத்தாச்சு" என்றேன். "மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது. வேர்வைய நம்புறதுன்னா நம்புங்க. ஆனா குளுக்கோஸ் ஏத்தி அந்தம்மா செத்துப்போனா, லேப் சொல்லியும் கேக்கலன்னு நானே எழுதிக் கொடுப்பேன். ஒங்க வாப்பா கஷ்டப்பட்டுப் படிக்க வச்சிருக்காரு. யோசிச்சுக்கோங்க."

பால்ச்சாமி, "என்னம்மா சொல்றாவ?" என்று கேட்டார். ஸ்ட்ரெச்சர் திரும்பிப் போகும் சத்தம் கேட்டது. நான் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்கவில்லை. அதில் அப்போது ஸ்லைடு எதுவும் இல்லை.

பிற்பகலில் முத்தாத்தாள் இறந்துவிட்டாள். சர்க்கரை கூடியதால் வந்த மயக்கம் என்று திருப்பதி ராஜா கையெழுத்துப் போட்டார். பால்ச்சாமி அழவில்லை என்றும், பாத்திரங்களைக் கழுவிப் பையில் வைத்துக்கொண்டு, எந்த டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போவது என்று கேட்டார் என்றும் வார்டு ஆயா சொன்னாள்.

நூர்பானு ஒரு வாரம் வேலைக்கு வரவில்லை. வந்த பிறகு நல்ல டூட்டி டாக்டராகிவிட்டாள். கட்டிலில் உட்காருவதை விட்டுவிட்டாள். அறிக்கை வந்த பிறகே வார்டுக்குப் போவாள். ஒரு நாள் என்னிடம் வந்து, "அன்னைக்கு நான் பேசுனதுக்கு மன்னிச்சிருங்க சார். நல்லவேளை நீங்க தடுத்தீங்க" என்றாள். பரவாயில்லை என்றேன். அதன் பிறகு அவளுக்கு இரண்டு பொய் அறிக்கைகள் அனுப்பினேன். இரண்டையும் நம்பினாள். இவளும் இவ்வளவுதானா என்று இருந்தது.

இதையெல்லாம் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நானேதான் சொன்னேன். ஊர் டாக்டர்கள் மாதம் ஒரு தடவை ஒரு ஓட்டல் மாடியில் கூடுவோம். யாராவது ஒரு கட்டுரை படிப்பார்கள், பிறகு சாப்பாடு. போன மாதம் என் முறை. ஆராய்ச்சி என்றால் வெளியிட வேண்டும். ஒளித்துவைக்க நான் என்ன திருடனா?

பெயர்களைச் சொல்லாமல் படித்தேன். ஆனால் அவரவர் நோயாளியை அவரவருக்குத் தெரிந்தது. மேஸ்திரிக்கு ரத்தம் ஏற்றிய கதைக்கு ஹுமாயூன் மேசையைத் தட்டிச் சிரித்தார். திருப்பதி ராஜா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். குடல்வால் வந்ததும் ஹுமாயூனின் சிரிப்பு நின்றது. பிறகு ஒரு பெண்ணைப் பற்றி, காலில் புண், சர்க்கரை என்று படித்தேன். கடைசி வரிசையில் நூர்பானு எழுந்து நின்றாள்.

"சார், அது முத்தாத்தாளா?"

"ஆமா."

"அன்னைக்கு உண்மையில எவ்வளவு இருந்துச்சு?"

"இருபத்தெட்டு" என்றேன்.

அவள் முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். "நான் ஏத்தியிருப்பேன்" என்று மட்டும் சொன்னாள், யாரிடமோ சொல்வது போல. பிறகு படியிறங்கிப் போனாள். நேரே செட்டியார்பட்டிக்குப் போய், பால்ச்சாமியை அழைத்துக்கொண்டு உங்களிடம் வந்ததாக இப்போதுதான் தெரிகிறது. மற்றவர்கள் சாப்பிடாமல் கலைந்துவிட்டார்கள். கட்டுரையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இவர்கள் ஆராய்ச்சியை மதிக்கும் லட்சணம் அதுதான்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். முத்தாத்தாள் சாவாள் என்று தெரிந்தேதான் அந்த எண்ணை எழுதினேன். காப்பாற்ற ஒரு வார்த்தை போதுமாயிருந்தது, சொல்லவில்லை. கொலை என்ற சொல்லை வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள், ஆட்சேபம் இல்லை. கட்டுரையின் முடிவுரையை மாற்றச் சொன்னால் மட்டும் சம்மதிக்க மாட்டேன். எந்தப் பிரிவிலும் ஒரு மருத்துவர்கூடத் தன் கண்ணை நம்பவில்லை என்று எழுதியிருக்கிறேன். நூர்பானுவையும் அதில்தான் சேர்த்திருக்கிறேன். அவள் ஸ்ட்ரெச்சரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாளே.

இந்தப் போட்டோ எதற்கு? மில் அடையாள அட்டையில் இருந்ததா? இறந்துபோனது இவள்தானா என்று என்னைக் கேட்டால் எப்படிச் சொல்வேன், இன்ஸ்பெக்டர்? நான் அவளைப் பார்த்ததே இல்லை. நோயாளியைப் பார்ப்பது அவர்கள் வேலை.